மாமியாரோடு மழைக்காட்டுக்கு: டானும் பள்ளத்தாக்கில் மூன்று இரவு, கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

வேப்பங்காற்று கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். போர்னியோ தீவில் மலேசியாவின் சபா மாநிலத்துக் காடுகளுக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். வரும் ஜூலையில் ஏழு நாள் போவதாக இருக்கிறோம். நான், கணவர், பதினோரு வயதுப் பையன், அப்புறம் என் மாமியார். அத்தைக்கு 66 வயது, வலது முழங்கால் அவ்வப்போது மக்கர் பண்ணும், ஆனால் இந்தப் பயணத்தை ஆரம்பித்து வைத்ததே அவர்தான். ஒராங்குட்டான் ஒன்று மழைக்குத் தலையில் இலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை டிவியில் பார்த்துவிட்டு, "இதை நேரில் பார்க்காமல் நான் போகமாட்டேன்" என்று ஒருநாள் சாப்பிடும்போது அறிவித்துவிட்டார். எங்கே போகமாட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

டூர் நிறுவனம் அனுப்பிய திட்டம் இப்படி இருக்கிறது. சண்டாக்கானில் இறங்கி ஒரு இரவு, செப்பிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம். பிறகு கினபாத்தாங்கான் ஆற்றங்கரையில் இரண்டு இரவு, படகில் காலையும் மாலையும் சுற்றுவது. அங்கிருந்து லஹாட் டத்து வழியாக டானும் பள்ளத்தாக்கு, அங்கே காட்டு விடுதியில் மூன்று இரவு. மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் அந்தக் கடைசி மூன்று இரவுக்கே போகிறது, அதுதான் உறுத்துகிறது. ரெயின்ஃபாரஸ்ட் லாட்ஜ் என்றதும் என் கணவருக்கு பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் லாட்ஜ்தான் கண்ணில் வந்தது போல, "லாட்ஜுக்கா இவ்வளவு?" என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

ஆற்றை விட்டுவிட்டு டானுமிலேயே கூடுதலாக ஒரு இரவு தங்கலாமா, இல்லை டானுமை விட்டுவிட்டு ஆற்றோடு முடித்துக்கொள்ளலாமா? கைடோடு போவது கட்டாயமாமே, அந்தக் கைடு யார் என்று முன்கூட்டியே கேட்பது வழக்கமா, கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? ரத்தம் உறிஞ்சும் அட்டைகளைப் பற்றிப் படித்ததில் பாதித் தூக்கம் போய்விட்டது. நேர்மையாகச் சொல்லுங்கள், விளம்பரப் படத்தில் இருப்பதில் எத்தனை கண்ணில் படும்?

மரங்கொத்தி78:

சபாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டு முறையும் பறவைக்காக. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

மழைக்காட்டில் விலங்குகள் நிறைய இனம், ஆனால் ஒவ்வொரு இனத்திலும் சொற்பம். அதிலும் பெரும்பாலானவை 40, 50 மீட்டர் உயரத்தில் இலைக்குள் வாழ்கின்றன. டானும் காடு 438 சதுர கிலோமீட்டர், உள்ளே ஊர் எதுவும் கிடையாது, டிப்டிரோகார்ப் என்ற மரக் குடும்பம்தான் அங்கே ராஜா. நம்மூர் குங்கிலிய மரமும் வடக்கே இருக்கும் சால மரமும் இதே குடும்பம்தான், ஆனால் அங்கே அவை வளர்கிற வளர்த்தி வேறு. 2019 ஜனவரியில் அங்கே ஒரு மஞ்சள் மெராந்தி மரத்தில் ஒருவர் உச்சிவரை ஏறி அளவு நாடாவைத் தொங்கவிட்டு அளந்தார், 100.8 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு குரங்கு இருந்தால் கீழே நிற்கும் நமக்கு என்ன தெரியும்? ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஜீப்பில் உட்கார்ந்தபடி சிங்கம் பார்ப்பது போல நினைத்துக்கொண்டு போனால் முதல் நாளே முகம் தொங்கிவிடும்.

அதனால்தான் கைடு. அவர் பெயரைச் சொல்லி விளக்குபவர் மட்டும் இல்லை, கண்டுபிடிப்பவரே அவர்தான். ஒராங்குட்டான் தினமும் சாயங்காலம் கிளைகளை மடித்துப் புதிதாக ஒரு கூடு கட்டித்தான் தூங்கும். நல்ல கைடு முந்தைய மாலையே அது எந்த மரத்தில் படுத்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன் உங்களை அந்த மரத்தடியில் நிறுத்துவார். எந்த அத்தி மரம் பழுத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், அது தெரிந்தால் இருவாச்சிப் பறவை எங்கே வரும், கிப்பன் என்கிற வாலில்லாக் குரங்கு எங்கே வரும் என்பதும் தெரியும். டிப்டிரோகார்ப் மரங்கள் வருடா வருடம் காய்ப்பதில்லை. பல வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரே பருவத்தில் காடு முழுக்கப் பூத்துக் காய்க்கும். அதனால் போன வருஷம் போனவர் சொன்ன இடம் இந்த வருஷம் காலியாக இருக்கும், இந்த வாரம் காட்டுக்குள் நடந்தவர் சொல்வதுதான் கணக்கு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இரவு நடையில் எங்கள் கைடு திடீரென்று நின்று டார்ச்சை அணைத்துவிட்டு மோந்து பார்த்தார். எங்களுக்கு ஈர மண் வாசனைதான் வந்தது. அவர் ஏதோ மூத்திர வாடை என்றார், பத்தடி உள்ளே போய், இடுப்பு உயரத்தில் ஒரு இளங்கன்றின் தண்டைக் கட்டிக்கொண்டிருந்த டார்சியரைக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற விலங்கு, ஒவ்வொரு கண்ணும் அதன் மூளை அளவு. தேவாங்கு, மரநாய் எல்லாம் டார்ச் அடித்தால் கண் மின்னும், நாமே கண்டுபிடித்துவிடலாம். டார்சியரின் கண் அப்படி மின்னாது. அந்த மனிதர் மட்டும் இல்லையென்றால் நாங்கள் அதைத் தாண்டிப் பேசிக்கொண்டே போயிருப்போம்.

ஆகவே கைடு யார் என்று தாராளமாகக் கேளுங்கள், கேட்பது வழக்கம்தான். கேட்க வேண்டியது: எத்தனை வருஷமாக அதே காட்டில் இருக்கிறார், ஒரு கைடுக்கு எத்தனை பேர், மூன்று நாளும் அவரே வருவாரா. நான்கு பேர் போகிறீர்கள், இன்னும் இரண்டு பேருக்கு மேல் சேர்க்காமல் இருக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். எட்டுக்கு மேல் போனால் கடைசியில் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் வனவிலங்கு.

ஆற்றை விடாதீர்கள். கினபாத்தாங்கானில் மிருகம் பார்ப்பது சுலபம், அதன் காரணம்தான் கசப்பானது. ஆற்றின் இரு கரையிலும் காடு ஒரு நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பின்னால் எண்ணெய்ப் பனைத் தோட்டம். இருக்கிற உயிர்களுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் கரையோரமாகவே திரிகின்றன. நீளமூக்குக் குரங்கு சாயங்காலமானால் தூங்குவதற்கு ஆற்றோர மரத்துக்கு வந்தே தீரும், படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், உங்கள் அத்தைக்கு ஒரு படி கூட ஏற வேண்டாம். போர்னியோவின் எட்டு வகை இருவாச்சியும் அங்கே இருக்கின்றன. ஆற்றில் விலங்கைப் பார்ப்பீர்கள், டானுமில் காட்டைப் பார்ப்பீர்கள். ஒன்றை வைத்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது.

சும்மாஇருப்பவன்:

மேலே எழுதியவருக்கு அமைந்த கைடு எனக்கு அமையவில்லை, அதையும் கொஞ்சம் கேளுங்கள். நான் போனது டானும் இல்லை, போர்னியோவிலேயே வேறொரு காட்டு விடுதி, பெயர் வேண்டாம். ஒரு கைடுக்குப் பதினான்கு பேர். அவர் கையில் வாக்கிடாக்கி, இன்னொரு குழு எதையாவது பார்த்தால் உடனே அங்கே ஓட வேண்டும், போய்ச் சேர்ந்தால் அது போய்விட்டிருக்கும். மூன்று நாளில் இரண்டு நாள் மழை. ஒராங்குட்டானின் பின்புறத்தை நான்கு நிமிஷம் பார்த்தேன், அதுவும் அண்ணாந்து பார்த்து கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மறுநாள் கைடிடம் மெதுவாகப் போகலாமா என்று கேட்டால், "எல்லோரும் நீர்வீழ்ச்சி பார்க்கணும் சார்" என்றார். நீர்வீழ்ச்சியில் தண்ணீர் இருந்தது, பார்த்தேன்.

பணம் உறுத்துகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் என் யோசனை இது. செப்பிலோக்கில் ஒரு இரவுக்குப் பதில் மூன்று இரவு தங்குங்கள். மறுவாழ்வு மையத்துக்கு அருகிலேயே மழைக்காட்டு அறிதல் மையம் இருக்கிறது, அதில் மர உச்சிகளின் உயரத்தில் இரும்புப் பாலம் போட்டிருக்கிறார்கள், அகலமாக, ஆடாமல், முழங்கால் வலிக்காரர்களும் நடக்கலாம். சாயங்காலம் அங்கே நின்றால் சிவப்புப் பறக்கும் அணில் மரத்திலிருந்து மரத்துக்கு மிதந்து போவதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே சூரியக் கரடிகளுக்கான மையம். இதோடு ஆறு இரண்டு இரவு. டானுமுக்குக் கொடுக்கும் பணத்தில் பையனுக்கு நல்ல பைனாகுலர் வாங்கிக் கொடுத்தால் அவன் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வான்.

மரங்கொத்திக்கு ஒன்று: காடு நல்லது, கைடு நல்லவர், அதிர்ஷ்டமும் நல்லது, மூன்றும் சேர்ந்து வந்த கதையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். சேராதவர்கள் எழுதுவதில்லை.

செம்பனைக்காரன்:

வணக்கம். நான் மலேசியத் தமிழன், லஹாட் டத்து பக்கம் ஆறு வருஷம் வேலை பார்த்தவன், அதுவும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில், அதனால் திட்டுகிறவர்கள் ஒரு தடவை திட்டிவிட்டு மேலே படிக்கலாம். மரங்கொத்தி சொன்ன அந்த நாடாக் காடு உண்மைதான். அது சரணாலயம் என்று 2005-இல்தான் அறிவிக்கப்பட்டது, அதற்குள் இரு பக்கமும் நட்டாகிவிட்டது.

முதலில் விமான நிலையத்து விஷயம். சபாவுக்குத் தனிக் குடிநுழைவுக் கட்டுப்பாடு உண்டு. கோலாலம்பூரிலிருந்து போனால் அது உள்நாட்டு விமானம்தான், ஆனாலும் சபாவில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், தீபகற்பத்திலிருந்து போகும் எங்களையே அடையாள அட்டை கேட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லஹாட் டத்துவிலிருந்து டானுமுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும், தார் ரோடு சீக்கிரமே முடிந்துவிடும், அப்புறம் சரளைக்கல்தான். பழைய மரம் வெட்டுகிற லாரிப் பாதை அது. பையனுக்கு வாந்தி வரும் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்கார வையுங்கள், பசியாறியதும் உடனே கிளம்ப வேண்டாம். வழியில் யானைச் சாணம் கிடந்தால் ஓட்டுநர் தானாகவே வண்டியை மெதுவாக்குவார், எங்கள் யானைகள் உங்கள் யானையைவிடக் குட்டையானவை என்றாலும் வண்டியைத் தள்ளுவதற்கு அந்த உயரமே போதும்.

அத்தையைப் பற்றி. காட்டுப் பாதை என்றால் வேரும் சேறும் வழுக்கலும்தான், எல்லா நடைக்கும் அவரை இழுக்காதீர்கள். ஆனால் டானும் விடுதியில் அறைகளுக்கு நடுவே மரப்பலகை நடைபாதை இருக்கிறது, திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே ஆறும் காடும்தான். ராத்திரி திறந்த லாரியில் உட்கார வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார்கள், விளக்கடித்துப் பறக்கும் அணில், சருகுமான், கடமான் எல்லாம் காட்டுவார்கள், அதற்கு முழங்கால் தேவையில்லை. ஜூலையில் எங்கள் பக்கம் பெருமழைக் காலம் இல்லை, அது நவம்பர் வாக்கில்தான் பிடிக்கும், ஆனாலும் பிற்பகலில் ஒரு கொட்டுக் கொட்டும், அதற்குப் பெயர்தானே மழைக்காடு. பயணக் காப்பீடு எடுக்கும்போது ஒன்று பாருங்கள்: 2013-இல் லஹாட் டத்துவில் ஆயுதக் கும்பல் புகுந்த சம்பவத்துக்குப் பிறகு கிழக்குக் கடற்கரைக்கென்று தனிப் பாதுகாப்புப் படை போட்டார்கள், சில நாடுகள் அந்தக் கடலோரத் தீவுகளுக்குப் போகாதே என்று இன்னும் எச்சரிக்கை வைத்திருக்கின்றன. நீங்கள் போகும் காட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் காப்பீட்டுக்காரன் சம்பந்தப்படுத்துவான், சிறிய எழுத்தைப் படியுங்கள்.

கடைசியாக ஒரு பறவை. தலையில் கட்டியான கொம்பு வைத்த பெரிய இருவாச்சி ஒன்று இருக்கிறது, அந்தக் கொம்புக்காகவே கொன்று தீர்க்கிறார்கள். அதன் கூவலைக் கேட்டால் மறக்கமாட்டீர்கள். "டூக்... டூக்..." என்று மரம் வெட்டுகிற மாதிரி விட்டு விட்டு ஆரம்பித்து, வேகம் கூடிக் கூடி, கடைசியில் பைத்தியக்காரச் சிரிப்பாக முடியும். மலாயில் அதற்கு "தெபாங் மெந்துவா" என்று பெயர், மாமியாரை வெட்டிச் சாய்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை என்னவென்றால், மாமியார் தொல்லை தாங்காத ஒரு மருமகன் கோடாலியை எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டுத் தூண்களை ஒவ்வொன்றாக வெட்டினான், வீடு சரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான், சாமி அவனைப் பறவையாக்கிவிட்டது. உங்கள் அத்தையிடம் இதை யார் சொல்வது என்று வீட்டில் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பங்காற்று:

செம்பனைக்காரரே, சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. நான் சொல்லமாட்டேன், உறுதி.

சும்மாஇருப்பவன் சொன்ன செப்பிலோக் யோசனையை என் கணவர் பிடித்துக்கொண்டுவிட்டார், இரண்டு நாளாக வீட்டில் அதே பேச்சுதான். ஆனால் அத்தை கேட்ட கேள்வி வேறு. மறுவாழ்வு மையத்தில் காலை பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் மேடையில் பழம் வைத்தால் வரும் என்று படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் அது நம்மைப் பார்க்க வருகிறது, நாம் அதைப் பார்க்கப் போகவில்லையே" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? டூர் நிறுவனத்திடம் கைடு பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

அட்டையைப் பற்றி யாருமே பேசாமல் நழுவுகிறீர்கள். மலேரியா உண்டா? கேமராவுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

மருந்துச்சீட்டு:

மருந்தகத்தில் வேலை செய்கிறேன், காட்டில் நடப்பதும் பிடிக்கும், அதனால் இதற்கு நானே வருகிறேன்.

அங்கே முக்கியமாக இரண்டு வகை அட்டை. பழுப்பு நிற அட்டை தரையில் சருகுக்குள் இருக்கும், கடித்தது தெரியாது, காலுறையைக் கழற்றும்போதுதான் தெரியும். புலி அட்டை என்பது வரி போட்டது, இலை நுனியில் முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று காத்திருக்கும், அது கடித்தால் சுருக்கென்று எரியும். நெருக்க நெய்த துணியில் முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை கிடைக்கும், அதைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள், சட்டையை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டால் உப்பு, புகையிலை, தீக்குச்சி எதுவும் வேண்டாம், அது குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடும். ஒல்லியான முனைதான் வாய், அந்த இடத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டி நுழைத்துத் தள்ளினால் விடும், உடனே மறுமுனையையும் எடுத்துச் சுண்டி எறியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்திவிடுவதால் மணிக்கணக்கில் கசியும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் அத்தை ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? சாப்பிட்டால் கிளம்புவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மலேரியா விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் மலேசியாவில் இல்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி என்ற வகை சபாவில் இருக்கிறது. அது உடம்புக்குள் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகுவதால் சீக்கிரம் முற்றிவிடும், நுண்ணோக்கியில் பார்த்தால் அவ்வளவு ஆபத்தில்லாத இன்னொரு வகை போலவே தெரிந்து ஏமாற்றும். தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். பொழுது சாயும்போது முழுக்கை, கொசு விரட்டி. எல்லாவற்றையும்விட முக்கியம், ஊர் திரும்பிச் சில வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் "போர்னியோ காட்டுக்குப் போயிருந்தோம்" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மரங்கொத்தி78:

கேமரா: ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு நேரே வெளியே போனால் லென்ஸ் அரை மணி நேரம் பனி பிடித்துக் கிடக்கும், அந்த அரை மணியில்தான் எல்லாம் நடக்கும். ராத்திரி அதை ஏசி இல்லாத இடத்தில், குளியலறையிலோ திண்ணையிலோ, பைக்குள் போட்டு வையுங்கள். பைனாகுலர் 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். ஆளுக்கு ஒன்று வேண்டும், நான்கு பேருக்கு ஒன்று என்றால் உங்கள் குடும்பம் சண்டையோடு திரும்பும்.

சும்மாஇருப்பவனுக்கு: நீங்கள் சொன்னதில் பாதி சரி. பதினான்கு பேருக்கு ஒரு கைடு என்பது பகல்கொள்ளை, நானாக இருந்தால் முதல் நாளே விடுதி மேலாளரிடம் போய் நின்றிருப்பேன். ஆனால் மழை பெய்ததைக் குறையில் சேர்க்காதீர்கள்.

சும்மாஇருப்பவன்:

மழையைக் குறை சொல்லவில்லை, மழையில் கைடு அறையிலேயே உட்கார்ந்திருந்ததைத்தான் சொல்ல வந்தேன். இன்னொன்று, சில கைடுகள் பறவையின் குரலைப் போனில் போட்டுப் போட்டு வரவழைக்கிறார்கள். அது எதிரி வந்துவிட்டான் என்று பதறிக்கொண்டு வருகிறது, நாம் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். அப்படிச் செய்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பட்டா என்கிற தரைப்பறவைக்குத்தான் இந்தக் கொடுமை அதிகம். மன்னிக்க, பிட்டா.

செம்பனைக்காரன்:

அந்தப் பறவைக்குப் பட்டா இருந்திருந்தால் காட்டை யார் வெட்டியிருக்க முடியும்?

வேப்பங்காற்று, ஆகஸ்டில்:

போய்விட்டு வந்தாகிவிட்டது. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி, சொன்னதில் எது எப்படி ஆயிற்று என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

திட்டத்தை மாற்றாமல் அப்படியே போனோம். கைடு பற்றி மூன்று முறை எழுதிக் கேட்ட பிறகு டூர் நிறுவனம் பதில் போட்டது, பன்னிரண்டு வருஷமாக அதே பள்ளத்தாக்கில் இருப்பவர், எங்கள் நான்கு பேரோடு ஒரே ஒருவர் மட்டும் சேர்ந்தார். கேட்டிருக்காவிட்டால் எங்களை ஒன்பது பேர் குழுவில் போட்டிருப்பார்களாம், அங்கே போன பிறகு தெரிந்தது.

ஆற்றில் இரண்டாம் நாள் காலை, சுமார் ஏழு மணிக்கு, அத்தி மரத்தில் ஒராங்குட்டான். ஒரு பெரிய ஆண், கன்னம் இரண்டும் தட்டு மாதிரி. படகோட்டி இயந்திரத்தை அணைத்துவிட்டார், இருபது நிமிஷம் யாரும் பேசவில்லை, என் பையன் உட்பட. அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கும்பிடுகிற மாதிரியே உட்கார்ந்திருந்தார். படகு கிளம்பிய பிறகு, "இலை இல்லையே" என்றார்.

டானும் முதல் நாள் முழுக்க மழை, ஒன்றும் இல்லை. என் கணவர் சும்மாஇருப்பவனின் பதிலை போனில் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே இருந்தார். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிள்வண்டு கத்தியது பாருங்கள், ஏதோ தகரத் தகட்டில் ரம்பம் போடுகிற மாதிரி, அதை ஆறு மணிச் சிள்வண்டு என்கிறார்கள், கைடு கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தார். ராத்திரி லாரியில் தேவாங்கும் இரண்டு பறக்கும் அணிலும். அன்று முந்நூறு அடி தூரத்தில் ஒரு கூட்டை டார்ச்சில் காட்டி, நாளைக்கு ஐந்தரைக்கு எழ முடியுமா என்றார்.

எழுந்தோம். அத்தை முழங்கால் வீங்கியிருந்ததால் வரவில்லை. கிப்பன் பாடுவது எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டது, அதைப் பற்றி நீங்கள் யாரும் ஏன் சரியாக எழுதவில்லை என்று எனக்குக் கோபமே வந்தது. கூட்டின் கீழே ஒரு மணி நேரம் நின்றோம். மறுபடி தூறல். அம்மா ஒராங்குட்டானும் குட்டியும் எழுந்து உட்கார்ந்தன, கீழே இறங்கவில்லை, அம்மா பக்கத்துக் கிளையை ஒடித்துத் தலையில் போட்டுக்கொண்டது. இலை! யாருக்காக வந்தோமோ அவர் அறையில் இருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, கணவர் எடுத்த படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல், மீதி பனி, இத்தனைக்கும் லென்ஸை ராத்திரி குளியலறையில் வைக்கச் சொல்லியிருந்தேன். எனக்கு நான்கு அட்டை, பையனுக்கு ஏழு, அவன் எண்ணிக்கொண்டே வந்தான்.

எப்படி அத்தையிடம் சொல்வது என்று யோசித்தபடியே திரும்பினால், அவர் திண்ணையில் டீயோடு உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருக்கிறார். நாங்கள் போன பத்தாவது நிமிஷம் செம்பட்டை நிறக் குரங்குக் கூட்டம் ஒன்று எதிர் மரத்துக்கு வந்து அரை மணி நேரம் இலை தின்றதாம், ஒன்று கைப்பிடிக் கட்டைவரை வந்ததாம். அப்புறம் தூரத்தில் யாரோ மரம் வெட்டுகிற சத்தம் கேட்டுப் பயந்துபோய் விடுதிப் பையனைக் கூப்பிட்டுக் காட்டை வெட்டுகிறார்கள் என்று புகார் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் சிரித்துவிட்டு, அது என்ன பறவை, அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடித்தே காட்டியிருக்கிறான், கோடாலி, தூண், சிரிப்பு எல்லாவற்றையும்.

நான் செம்பனைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டே, "அப்புறம் நீங்கள் என்ன சொன்னீர்கள் அத்தை?" என்றேன்.

"எனக்கு மருமகன் கிடையாது, மருமகள்தான், அவளுக்குக் கோடாலி பிடிக்கத் தெரியாது என்றேன்" என்றார்.